புள்ளிப் புத்தகத்தின் முன்னால்

மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளியைக் கண்ணை மூடிக்கொண்டு தரம் பிரிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். பெட்டியை முன்னால் வைத்தால் மேலாக நாலு, நடுவிலிருந்து நாலு, அடியிலிருந்து நாலு எடுப்பேன். கட்டைவிரலால் லேசாக அமுக்குவேன். காம்புப் பக்கத்தை மூக்கில் வைத்துப் பார்ப்பேன். இது இன்றைக்கே குழம்பில் போட வேண்டிய பழம், இது மூன்று நாள் தாங்கும் செங்காய், இது கேரளா லோடுக்கு ஏற்ற காய் என்று சொல்லிவிடுவேன். சொன்னது பிசகியதில்லை. வெளியூர் வியாபாரி யாராவது புதிதாக வந்தால் மண்டிக்காரர்கள் வேடிக்கை காட்டுவதற்காகவே என்னைக் கூப்பிட்டு, துண்டால் என் கண்ணைக் கட்டிவிடுவார்கள். நானும் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகச் சொல்லிக்கொண்டே போவேன். வந்தவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெட்டி தூக்குகிறவனாக இந்த மண்டிக்குள் வந்தேன். இன்றைக்கு அதே வரிசையில் எனக்கு இரண்டு கடை. மாடி வைத்த வீடு, போர் போட்ட நிலம், சொந்தமாக லோடு வண்டி. எந்த மாமனும் மச்சானும் எடுத்துக் கொடுத்தது கிடையாது. எல்லாம் இந்தக் கையால் வந்தது.

கையால் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. கண் எனக்கு ஒத்துழைத்ததே இல்லை. பழம் சிவப்பு, இலை பச்சை என்று ஊரே சொல்கிறது. எனக்கு இரண்டும் ஒரே மண் நிறம். ஒன்று கொஞ்சம் அடர்த்தி, ஒன்று கொஞ்சம் வெளுப்பு, அவ்வளவுதான். சாமந்திப் பூவின் மஞ்சள் எனக்கு நன்றாகத் தெரியும். வானத்து நீலம் தெரியும். ஆனால் செடியில் தொங்குகிற பழத்தை மற்றவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிடுகிறார்களே, அது எப்படி என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததே இல்லை. கூலிக்குப் போன இடத்தில் காயைப் பறித்துக் கூடையில் போட்டுவிட்டேன் என்று நிலத்துக்காரர் புளியங்குச்சியால் காலில் விளாசினார். சோம்பேறி, குனிந்து பார்க்கச் சோம்பல் படுகிறான் என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பறிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தொட்டு அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். மண்டிக்கு வந்தபின் அதுவே எனக்கு வித்தையாகிவிட்டது. என் கண்ணைக் கட்டிவிட்டால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை என்பது கட்டிவிட்டவர்களுக்குத் தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. அவள் என் அக்கா மகள். அக்காளை மொரப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்குப் பெண் பிறந்தபோதே அது எனக்கு என்று பேசிவிட்டார்கள். வயது வித்தியாசம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அக்கா மகள் உரிமைப் பெண். விட்டுக்கொடுத்தால்தான் நாலு பேர் தப்பாகப் பேசுவார்கள். நான் தலையெடுத்த பிறகு பாலக்கோட்டிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெரிய இடத்துச் சம்பந்தங்கள் வந்தன. ஒன்றையும் நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் ரத்தம் எங்கள் வீட்டை விட்டு வெளியே போகாது என்று சபையில் சொன்னேன். அந்தப் பேச்சு எனக்கே பிடித்துப்போய், பின்னால் எத்தனையோ கல்யாண வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணத்துக்குக் கூரைப்புடவை எடுக்க யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானே தர்மபுரிக்குப் போய், அரக்குச் சிவப்பு என்று நினைத்து ஒன்றை எடுத்து வந்தேன். பெண் வீட்டில் பிரித்துப் பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது பாசிப் பச்சையாம். எனக்குப் பிடித்த நிறம் அதுதான் என்று ஒரே போடாகப் போட்டேன். அவளும் அதையே கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி மூன்றாம் மாதம், தோட்டத்தில் பழுத்த மிளகாயாக ஒரு கை பறித்து வரச் சொன்னாள். மிளகாயைக் கையால் அமுக்கித் தெரிந்துகொள்ள முடியாது. கொண்டுவந்து கொடுத்ததை முறத்தில் கொட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் மாமா, உங்களுக்கு சிவப்பு தெரியாதுங்களா?"

தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, வெளியில் மட்டும் விட்டுவிடாதே என்றேன். அவள் விடவில்லை. பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரே பெண். நாள் கழித்துப் பிறந்தவள். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் மாமரம் வரையச் சொன்னார்களாம். தண்டுக்குப் பச்சையும் இலைக்குத் தவிட்டு நிறமும் அடித்துக் கொடுத்திருக்கிறாள். டீச்சர் அதை வகுப்பில் தூக்கிக் காட்டிச் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதாள். நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. நல்ல மரம். எங்கள் தோட்டத்து மரம் அப்படித்தான் இருக்கும்.

பிள்ளை விளையாடப் போன பிறகு மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, புள்ளைக்கும் உங்க கண்ணுதான் வந்திருக்குது. டாக்டருகிட்ட காட்டிப் பாக்கலாமுங்க."

"வாய மூடு. பொட்டப்புள்ள. நாளைக்கு ஒருத்தன் கேட்டு வரணுமா வேணாமா?"

அவள் அடுத்த நாள் கலர் பென்சில் டப்பாவை எடுத்து, ஒவ்வொரு பென்சிலிலும் சின்னக் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதிவைத்தாள். இலை என்றால் பச்சை, தண்டு என்றால் பழுப்பு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதன்பிறகு மகளின் மரங்கள் எல்லோருடைய மரமும் மாதிரியே வந்தன. துணிக்கடையில் மட்டும் இது என்ன கலரும்மா என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு எடுப்பாள். பார்த்தவர்கள் அம்மா செல்லம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளும் தன் கண்ணைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. எல்லோருக்கும் கொஞ்சம் குழப்பம் இருக்கும், தனக்கும் இருக்கிறது என்று.

சேலத்தில் இன்ஜினியரிங் படித்தாள். மொரப்பூரில் அக்கா வீட்டில் தங்கி, நாலு வருடமும் தினம் ரயிலில் போய் வந்தாள். ஒருநாள் மொரப்பூர் ஸ்டேஷனில் வந்து நின்ற ரயிலின் இன்ஜினில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாளாம். அன்றைக்கு ஊருக்குப் போன் போட்டு, படிப்பு முடிந்ததும் ரயில் ஓட்டத்தான் போகப்போகிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி தூக்கினவன் மகள் ரயிலை ஓட்டப்போகிறாள். மறுநாள் காலையிலேயே மண்டியில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

படிப்பு முடிந்து கோச்சிங் சென்டருக்குப் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நம்ம வூட்டுல யாருக்காச்சும் கலர் கண்டுபிடிக்கறதுல கோளாறு இருக்குதா? சார் கேட்டுட்டு வரச் சொன்னாரு. இருந்தா இந்த வேலைக்கு எழுதவே வேணாமாம், வேற எழுதலாமாம். பொண்ணுங்களுக்கு அனேகமா வராதுன்னாரு. இருந்தாலும் கேட்டுக்கலாம்னு."

மனைவி குழம்புக் கரண்டியோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். என் முகத்தை அவள் பார்த்ததை நான் பார்த்தேன்.

"நம்ம வம்சத்துல எவனுக்கும் ஒரு கோளாறும் கெடையாது. உங்கப்பன் கண்ண கட்டிக்கிட்டே தக்காளி பிரிக்கறான், ஊரே பாக்குது. போயி தைரியமா எழுது."

"அதானே" என்று சிரித்தாள். தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே எழுந்து போனாள்.

பொய் சொல்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. கண் பரிசோதனை என்றால் சுவரில் மாட்டிய எழுத்தைப் படிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அதில் அவள் கெட்டி. பஸ் வளைவில் திரும்பும்போதே அதன் போர்டைப் படித்துவிடுவாள். அப்புறம், நான் வண்டி ஓட்டவில்லையா? ஓசூர் சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. இத்தனை வருடத்தில் என்னை எவன் பிடித்தான்? நான் சமாளித்ததை என் பெண் சமாளிக்க மாட்டாளா? அவள் என்னைவிடப் படித்தவள் ஆயிற்றே.

மூன்று வருடம் உட்கார்ந்து படித்தாள். கம்ப்யூட்டர் பரீட்சை ஒவ்வொன்றாகத் தேறினாள். இடையில் ஒரு வங்கியில் எழுத்தர் வேலைக்கு ஆர்டர் வந்தது. சேர்ந்துவிடட்டும், கையில் ஒன்று இருக்கட்டும் என்று மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள். மேசைக்குப் பின்னால் உட்காருகிற வேலையை எவன் வேண்டுமானாலும் பார்ப்பான் என்று நான் சொல்லிவிட்டேன். மகளுக்கும் மனசு ரயிலில்தான். சேரச் சொன்ன தேதி போய்விட்டது.

மெடிக்கலுக்குக் கடிதம் வந்த வாரம், பஸ் ஸ்டாண்டு எதிரில் பிளெக்ஸ் வைத்தேன். ரயில் ஓட்டப்போகும் எங்கள் ஊர் மகள் என்று பெரிய எழுத்து. அவள் படம், பக்கத்தில் என் படம். மெடிக்கல் முடியட்டும்பா என்று கெஞ்சினாள். உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறாய் என்றேன்.

மெடிக்கலுக்கு நானும் கூடப் போனேன். மொரப்பூரில் ரயிலேறிப் போகிற ஊர்தான். ரயில்வே ஆஸ்பத்திரி. நீளமான வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பையன்கள் கூட்டம். பெண்கள் நாலைந்து பேர்தான். ரத்தம், மூத்திரம், உயரம், எடை, நெஞ்சுப் படம். ஒவ்வொன்றும் முடிந்து வெளியே வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் அப்பாவிடம் நான் என் மண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மத்தியானம் கண் டாக்டர் அறைக்குள் போனாள். மற்றவர்கள் போன வேகத்தில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவள் வரவில்லை. ஒரு நர்ஸ் வந்து இன்னொரு அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டார்கள். உள்ளே இருட்டில் மிளகு அளவுக்குச் சின்ன விளக்கை எரியவிட்டு, என்ன நிறம் என்று கேட்பார்களாம். தூரத்தில் சிக்னல் அப்படித்தான் தெரியுமாம். மேலே கீழே என்ற கணக்கெல்லாம் அதில் இல்லை. ஒரே இடத்தில் ஒற்றை விளக்கு. பச்சையை வெள்ளை என்றிருக்கிறாள். சிவப்பை மஞ்சள் என்றிருக்கிறாள். பின்னால் அவளே சொன்னது இது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா யார் என்று கேட்டு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கண் டாக்டர் ஒரு அம்மா. நரைத்த தலை, பொறுமையான பேச்சு. மகள் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் கை இரண்டும் தொடைக்கு நடுவில் இருந்தன.

"உங்க பொண்ணுக்கு சிவப்பு, பச்சை பிரிச்சுத் தெரியலைங்க. இது நோய் இல்ல. பிறந்ததுல இருந்தே கண்ணோட அமைப்பு அப்படி. மருந்தோ ஆபரேஷனோ கிடையாது. ஆனா ரயில் ஓட்டற வேலைக்கு இத வெச்சுக்கிட்டு எடுக்க மாட்டாங்க" என்றார்.

நான் கண்ணாடி போட்டால் சரியாகாதா என்று கேட்டேன். ஆகாது என்றார். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆம்பளைப் பசங்கள்ல இத நிறைய பாக்கறோம். பொண்ணுங்களுக்கு ரொம்ப அபூர்வம். அப்பாகிட்டயும் இருக்கணும், அம்மா வழியிலயும் வந்திருக்கணும். ரெண்டும் சேர்ந்தாதான் பொண்ணுக்கு வெளியில தெரியும். சொந்தத்துல கட்டினீங்களா?"

அக்கா மகள் என்றேன். எத்தனையோ சபையில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பேச்சு அது. அந்த அறையில் அது வாயிலிருந்து வர நேரமெடுத்தது.

மேசையில் கனமான அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. அதைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பக்கம் முழுவதும் வட்டமாகப் புள்ளிகள். பெரிசும் சின்னதுமாக, சிந்தின தானியம் மாதிரி. முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்று நன்றாகத் தெரிந்தது. பன்னிரண்டு என்று சத்தமாகச் சொன்னேன். எனக்கு ஒரு தைரியம் வந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது எல்லாருக்கும் தெரியும்ங்க. அடுத்தது பாருங்க" என்றார் டாக்டரம்மா.

அடுத்த பக்கத்தில் புள்ளிகள்தான் இருந்தன. அதற்கடுத்த பக்கத்திலும் அப்படியே. நான் குனிந்து பார்த்தேன். தள்ளிவைத்துப் பார்த்தேன். விரலால் தொட்டும் பார்த்தேன், வெறும் வழவழப்பான காகிதம்.

"எனக்கு படிப்பு கெடையாதுங்கம்மா. மூணாவதுதான். நம்பரெல்லாம் எனக்கு என்னத்தத் தெரியும்" என்றேன்.

படிக்காதவன் என்று என்னை எவனாவது சொன்னால் சட்டையைப் பிடிக்கிறவன் நான். அன்றைக்கு அதை நானே எடுத்துப் போர்த்திக்கொண்டேன். லாரி நம்பரையும் பெட்டிக் கணக்கையும் நான் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அதற்கும் அந்தப் புத்தகத்தில் பக்கம் இருந்தது. கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். எண் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று புள்ளிகளுக்கு நடுவே ஒரு வளைந்த கோடு போகுமாம். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அதன்மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனால் போதும் என்றார்.

அங்கே எனக்குக் கோடே தெரியவில்லை. ஆனாலும் விரலை வைத்தேன். ஆற்றில் பரிசல் போகிற மாதிரி அப்படியும் இப்படியுமாக ஓட்டினேன். மேலே போய், கொஞ்சம் இறங்கி, திரும்ப ஏறி, அந்த ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். நிதானமாக, எல்லாம் தெரிந்தவன் மாதிரிதான் செய்தேன். மகளுக்கும் அந்தக் கோடு தெரியாது. என் விரல் சரியாகப் போகிறதா, தப்பாகப் போகிறதா என்று அவளால் சொல்ல முடியாது. அதனால் அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா புத்தகத்தை மூடி வைத்தார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார். நான் மூடின புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது மகளுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். மொரப்பூருக்கு முன்னால் வண்டி வேகம் குறைந்தபோது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைக்கு கேட்டனேப்பா" என்றாள்.

நான் இறங்குகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள், செய்தோம். மறுபடியும் அதே பதில். வேறு பிரிவில் வேலை கேட்டு எழுதினாள், அதற்குப் பதிலே வரவில்லை. பிளெக்ஸை நான் போய் அவிழ்ப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. மெடிக்கலில் பெயிலாம் என்பது மட்டும்தான் தெரிந்தது. ஒரு வயசுப் பெண் மெடிக்கலில் தேறவில்லை என்றால் எங்கள் பக்கத்தில் கண்ணை யார் நினைக்கிறார்கள்? கர்ப்பப்பையில் கோளாறாம் என்று ஒருத்தி ஆரம்பித்திருக்கிறாள். இன்னொருத்தி அதைவிட மோசமாகச் சொல்லியிருக்கிறாள். பாலக்கோடு பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனதை மனைவி பின் சீட்டில் இருந்து கேட்டுவிட்டு வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் பேச்சுக்கு வந்தது, சொல்லாமல் நின்றுபோனது.

கேட்டவர்களிடம் நான் உயரம் பத்தவில்லையாம் என்று சொல்லிவைத்தேன். மகள் என்னைவிட ஒரு சாண் உயரம். யார் நம்புவார்கள்?

அதைக் கேள்விப்பட்ட அன்று அவள் என்னிடம் வந்தாள். சண்டை போடவில்லை. சொல்ல வேண்டியதை யோசித்துக்கொண்டு வந்திருந்தாள் என்று தெரிந்தது.

"ஊர்ல சொல்லிடுப்பா. எனக்கு இருக்கறது கண்ணுலதான்னு சொல்லு. உங்கிட்ட இருந்து வந்ததுன்னு சொல்லு. அது போதும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

சொல்கிறேன் என்றேன். அப்போது மாங்காய்க் காலம், கூட்டம் அதிகம், அது முடியட்டும் என்று இருந்தேன். பிறகு மழை. பிறகு தக்காளி வரத்து. ஒவ்வொரு நாள் காலையிலும் மண்டிக்குப் போகும்போது இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போவேன். போய் உட்கார்ந்தால், தரம் சொல்லுங்கண்ணே என்று பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். நிறமே தெரியாதவன் சொன்ன தரத்தை நம்பி லோடு அனுப்பினோமா என்று ஒருத்தன் கேட்டுவிட்டால் என் பேர் என்ன ஆகும்? நாற்பது வருடத்தில் சம்பாதித்த பேர். அதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பேரைப் பற்றி நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்தேன், ஆனால் என்னுடையதற்கு அப்புறம்தான் நினைத்தேன்.

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு ஓசூருக்குப் போய்விட்டாள். தொழிற்சாலையில் உதிரி பாகங்களை அளந்து பார்க்கிற வேலை. பெண்கள் விடுதியில் அறை. சேர்ந்த முதல் நாளே தன் கண்ணைப் பற்றி மேலதிகாரியிடம் அவளாகவே சொல்லிவிட்டாளாம். மனைவிதான் என்னிடம் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல்.

அவள் போய் ஐந்தாறு மாதம் இருக்கும். ஒருநாள் காலை ஏலம் முடிகிற நேரத்தில் ஆந்திராவிலிருந்து புது வியாபாரி ஒருவர் வந்திருந்தார். வழக்கம்போல எங்கள் மண்டிக்காரர் ஒருவர், இருபது வருடமாக எனக்குப் பக்கத்துக் கடை, துண்டை உதறிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கட்ட வேணாங்க. கட்டினாலும் ஒண்ணுதான், கட்டலன்னாலும் ஒண்ணுதான். எனக்கு சிவப்பு பச்சை தெரியாது. பொறந்ததுல இருந்தே தெரியாது. எம் பொண்ணுக்கும் அதேதான். அதுக்குத்தான் மெடிக்கல்ல வேணாம்னாங்க. அவ ஒடம்புல வேற ஒண்ணும் இல்ல."

சத்தமாகவே சொன்னேன். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார்.

"கண்ணு தெரியாமத்தான் இத்தன வருசமா எங்களயெல்லாம் தூக்கிச் சாப்புட்டியா? நீ பெரிய ஆளுய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருவன், பாவம், பொண்ணுக்கோசரம் கதை கட்டறாரு என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. உண்மைதான், சத்தியமாகத் தெரியாது என்றேன். அப்படியா, பார்த்துவிடலாம் என்று பக்கத்துக் கடைக்காரர் இரண்டு தக்காளியை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். எது பழம், எது காய் என்றார்.

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டைவிரல் தானாகவே இரண்டையும் அமுக்கிப் பார்த்துவிட்டது. இடது கையில் இருந்ததைச் சற்று உயரத் தூக்கிவிட்டேன். அது பழம். கைதட்டினார்கள். ஆந்திர வியாபாரிக்கு விஷயம் முழுக்கப் புரியவில்லை, அவரும் தட்டினார். கையால் பார்த்துச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். அதைத்தான் நானும் சொல்றேன், உன் கையே கையி என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். கர்ப்பப்பைப் பேச்சு இன்னும் ஊரில் இருக்கிறது. போன வாரமும் கேட்டேன்.

மண்டியில் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டேன். சாப்பாட்டு வேளை. பின்னால் தட்டுகள் சத்தமும் நிறையப் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டது.

"சொல்லிட்டேன் பாப்பா. மண்டியில, எல்லாரும் இருக்கறப்ப சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நம்பல."

"நீ சொன்னா எப்படிப்பா நம்புவாங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். "அம்மாகிட்ட குடு."

கொடுத்தேன். மனைவி போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து போனை மேசைமேல் வைத்துவிட்டு, பொங்கலுக்கு வரவில்லையாம், லீவு கிடையாதாம் என்றாள்.

பொங்கலுக்கு ஓசூரில் எந்தத் தொழிற்சாலைக்கும் லீவு உண்டு. அது மகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சரி என்றேன்.